இலை சொன்ன விரிசல்

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் என் தண்ணீர்ப் போத்தல் போய்விட்டது. பேருந்தில் ஏறிய பெண் ஊழியர், பிளாஸ்டிக் போத்தலோடு மலைக்கு மேலே போகக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லிக் கையை நீட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் பண்டாரவளைப் பாதையில் இப்படி ஒருவர் நின்றிருந்தால் அருவிகளுக்கு அடியில் இவ்வளவு போத்தல்கள் மிதக்காது.

பொறாமை கொஞ்ச தூரம்தான் நீடித்தது. அடுத்த சில வளைவுகளுக்குள் தாகம் எடுத்தது, பேருந்தும் நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி பறந்தது. எனக்குப் பின்னால் இருந்த இரண்டு அம்மாக்கள் படுக மொழியில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த கோத்தகிரிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: இந்த டிரைவர் ஓட்டினால் வளைவில் வாந்தி வராது, ஆனால் வண்டி நின்றுவிடும். நேற்று வந்தவர் ஓட்டினால் வண்டி நிற்காது, வாந்தி வரும். எந்த டிரைவர் மேல் என்பதில் இருவருக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

வண்டி ஆறும்வரை சாலையோரத்தில் நின்றேன். பங்குனி மாதம். கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நான் நின்ற இடத்திலோ காற்று குளிர்ந்துவிட்டது. எதிரே சரிவு முழுக்கக் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூக்கலிப்டஸ். அதைப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

பண்டாரவளையில் நான் தவறணை நடத்துகிறேன். நாற்றுப்பண்ணைக்கு எங்கள் தோட்டத்துப் பேச்சில் அதுதான் பெயர். தேயிலைக் கன்றுகளோடு தொடங்கியது, இப்போது பாதிக்கு மேல் யூக்கலிப்டஸ் கன்றுகள். வாங்கிப்போனவர்கள் கொஞ்ச நாளாக ஒரே குறையைச் சொல்கிறார்கள். மரம் நெடுநெடுவென்று வளர்கிறது, வெட்டிக் கீழே போட்டதும் முனையிலிருந்து பிளந்துவிடுகிறது. அறுத்தால் பலகை வளைகிறது. விறகுக்குத்தான் ஆகிறது. நல்ல கட்டை தரும் கன்று எது, பிளக்கும் கன்று எது என்று நாற்றிலேயே கண்டுபிடிக்க முடியாதா? முடியும் என்று சொன்னவள் யமுனா. என் பெரியப்பா பேத்தி. கோயம்புத்தூரில் ஒரு மர ஆராய்ச்சிக் கூடத்தில் அதே வேலையைச் செய்கிறாள். வீட்டுக்கு விடுமுறையில் வருகிறேன், நீங்களும் வாங்க அத்தை என்று அழைத்திருந்தாள்.

கட்டபெட்டு நிறுத்தத்தில் செல்வராஜ் அண்ணன் நின்றிருந்தார். யமுனாவின் அப்பா, பெரியப்பா குடும்பம் கப்பலேறி இந்தியா வந்தபோது கைப்பிள்ளையாக இருந்தவர். நேரில் பார்ப்பது இதுவே முதல்முறை. போனில் பார்த்த முகத்துக்கு இவ்வளவு உயரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தங்கச்சி, சாயத் தண்ணி குடிச்சிட்டுப் போவமா?"

பாலில்லாத தேநீருக்கான எங்கள் தோட்டத்துச் சொல்லை இந்த ஊரில் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கடைக்காரரிடம் அவரே அதைக் கட்டன் சாயா என்று மாற்றிச் சொன்னார். கடைக்காரர் கூடலூர்ப் பக்கத்து மலையாளி. கூடவே வர்க்கி வந்தது. அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று, சட்டையெல்லாம் தூளாக்கும் ரொட்டி. மீன் அடைத்த எங்கள் மாலு பனிஸ் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் தேயிலை எங்களுடையதுதான் மேல் என்று சொன்னேன். அண்ணன் இன்னொரு வர்க்கியை என் பக்கம் நகர்த்தினார்.

வீடு லைன் வீடுதான். தோட்ட வேலையில் சேர்ந்தபோது கிடைத்த ஒற்றை அறையும் சமையலறையும். ஆனால் அதற்கு மேலே, சாலையை ஒட்டிய சின்னத் துண்டு நிலத்தில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் எழும்பியிருந்தது. அண்ணனும் அண்ணியும் வாழ்நாள் முழுவதும் உழைத்து வாங்கிய நிலம். சுற்றிலும் கொஞ்சம் தேயிலை, ஓரத்தில் ஒரு வரிசை கற்பூர மரம். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். கயிறு பிடித்தாற்போல் நேர். அடியில் ஒரு கணு இல்லை. அண்ணன் அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

ஆவணியில் நிலை வைக்க நாள் பார்த்தாயிற்று, வாசல் நிலை இந்த மரத்தில்தான் என்றார். மற்ற மரமெல்லாம் கடையில் வாங்கலாம், வாசல் நிலை மட்டும் தன் நிலத்து மரமாக இருக்க வேண்டும். அறுத்த கட்டை காய நாள் வேண்டும் என்பதால் இப்போதே வெட்டுகிறார். வெட்டுவதற்கான அனுமதியும் வந்துவிட்டது.

யமுனா தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். அப்பா காட்டிய மரத்தை விட்டுவிட்டு வரிசையின் கடைசி மரத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

இரவுச் சாப்பாட்டில் விஷயம் தெரிந்தது. அண்ணி தேங்காய் ரொட்டி சுட்டு, நான் கொண்டுபோன மாசிக் கருவாட்டைத் தட்டிப் போட்டு சம்பல் அரைத்திருந்தார். சிவந்த சம்பலைத் தொட்டு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அப்போது யமுனா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அந்த மரம் வேணாம்ப்பா. வெடிக்கும். கடைசியில நிக்கிற கவட்டை மரத்த வெட்டுங்க."

போன வருஷம் ஆராய்ச்சிக்காக அவள் பல ஊர் மரங்களின் இலைகளைச் சேகரித்தபோது அப்பாவின் வரிசையிலிருந்தும் எடுத்திருக்கிறாள். நெட்டை மரத்தின் இலையைச் சோதித்ததில் கட்டை பிளக்கும் என்று வந்தது. வரிசைக் கடைசியில் குட்டையாக, பாதி உயரத்திலேயே இரண்டாகப் பிரிந்து நிற்கும் மரத்துக்கு நல்ல கட்டை என்று வந்தது.

"இலையப் பாத்துட்டுக் கட்டையச் சொல்றியா நீ?" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றிரவு அதோடு மரப் பேச்சு நின்றுபோனது.

மறுநாள் யமுனா என்னைக் குன்னூர் பக்கத்திலிருக்கும் அவளுடைய ஆராய்ச்சிக் கூடத்து நாற்றுப்பண்ணைக்கு அழைத்துப் போனாள். ஜீப்பில் எங்களோடு கோஸ் மூட்டைகளும் இரண்டு சேவல்களும் வந்தன. பாதி வழியில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, அது போற வரைக்கும் நாமதானுங்க காத்திருக்கோணும் என்று சொல்லி வெற்றிலை போட ஆரம்பித்தார். எங்கள் ஊரில் சிறுத்தைப் பயம் உண்டு, ஆனால் சிறுத்தை இப்படிப் பகலில் நடுரோட்டில் நின்று நம்மை முறைப்பதில்லை.

நாற்றுப்பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே விரல் நீளக் கன்றுகள் ஆயிரக்கணக்கில். ஒரு பெண் காகிதத்தில் துளை போடும் கருவி போன்ற ஒன்றால் ஒவ்வொரு கன்றிலிருந்தும் பொட்டளவு இலையை வெட்டிச் சின்னக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தார். கன்றுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பொட்டு கோயம்புத்தூர் போகும், அதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்ப்பார்கள். மரம் முற்றும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்து வெட்டிப் பார்க்க வேண்டிய விஷயத்தைக் கன்றிலேயே ஊகித்து, ஆகாததை ஒதுக்கிவிடலாம்.

எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கட்டையின் குணம் இலையில் எங்கே எழுதியிருக்கிறது?

யமுனா கொஞ்சம் யோசித்தாள். "அத்தை, நீங்க புது ஊருக்கு பஸ்ல போறீங்க. இறங்க வேண்டிய ஸ்டாப் எப்படியிருக்கும்னு தெரியாது. ஆனா அதுக்கு முன்னால ஒரு மஞ்சக் கலர் பெட்டிக்கடை வரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. கடையப் பாத்ததும் எந்திரிச்சு நிப்பீங்கல்ல? அந்தக் கடைதான் மார்க்கர். கட்டைய பிளக்க வைக்கிற மரபணு எதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. பக்கத்துல இருக்கிற அடையாளம் தெரியும்."

கடையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் என்று கேட்டேன். அப்படியும் நடக்கும் என்றாள். தலைமுறை மாறும்போது அடையாளமும் மரபணுவும் பிரிந்துபோகலாம். அதனால்தான் ஒரு கடையை நம்பாமல் வழியில் இருக்கும் பல கடைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். அதோடு மண் இருக்கிறது, சரிவு இருக்கிறது, காற்று இருக்கிறது. அதெல்லாம் கட்டைக்குள் என்ன செய்யும் என்று இலை சொல்லாது.

அப்படியானால் உங்கள் அப்பாவின் மரம் பிளக்காமலும் போகலாம்தானே என்றேன்.

கன்றுகளுக்கு நடுவே அவள் நின்றுவிட்டாள். "பிளக்கக் கூடாதுன்னுதான் அத்தை வேண்டிக்கிறேன். அந்த மரத்த அவரு எப்படி வளத்தாருன்னு எனக்குத் தெரியும். ஆனா பிளக்கலைன்னா, நான் இத்தனை வருஷமாப் பாக்கிற வேலைக்கு என்ன அர்த்தம்?"

திரும்பும் வழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வரிசை முழுவதற்கும் அனுமதி இருக்கிறது. அப்பாவின் மரத்தை அப்பா வெட்டட்டும், கவட்டை மரத்தையும் அதே நாளில் வெட்டட்டும். இரண்டும் ஒரே மண், ஒரே வயது. அண்ணன் உடனே சம்மதித்தார். நெட்டை மரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெட்டும் நாள் காலையில் மூடுபனி தேயிலைமேல் படுத்துக்கிடந்தது. ஆட்கள் மரத்தில் கயிறு கட்டினார்கள். அண்ணி கற்பூரம் ஏற்றினார். மின்வாள் சத்தம் எழுந்ததும் அண்ணன் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மரம் சாய்ந்தது. அவர் சொன்ன இடத்தில், தேயிலை வாதில், ஒரு சிறு கிளையில்கூடப் படாமல் விழுந்தது. தைல வாசனை மூக்கைத் துளைத்தது. வெட்டு முகம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அண்ணன் மகளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆட்கள் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த பட்டாணியை வாயில் போட்டுக் கடித்தது போல. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடியும் ஒன்று. பிறகு இன்னொன்று, இந்தமுறை படாரென்று. வெட்டு முகத்தின் நடுவிலிருந்து ஒரு கோடு ஓரத்தை நோக்கி ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது, எதிர்ப்பக்கமும் கிளம்பியது. வேலையாட்களில் ஒருவர் விரிசலைப் பிடித்து நிறுத்தும் எஸ் வடிவ இரும்புப் பட்டைகளை எடுத்துவந்து வெட்டு முகத்தில் அடித்தார். கோடு அதைத் தாண்டிப் போனது.

நிற்கிற மரத்துக்குள் ஒரு இழுவிசை இருக்கிறதாம். வெளிப்பக்கம் ஒரு பக்கமாக இழுக்க, உள்பக்கம் எதிர்த்துத் தள்ள, மரம் அதைத் தாங்கிக்கொண்டே உயரமாக வளர்கிறது. வெட்டியதும் பிடி விட்டுப்போகிறது. பின்னால் யமுனா எனக்குச் சொன்னது இது. அந்த நேரத்தில் அவள் எதையும் விளக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் குனிந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"அதையும் வெட்டுங்க" என்று கவட்டை மரத்தைக் காட்டினார்.

அதுவும் விழுந்தது. அன்று பகல் முழுக்க நாங்கள் ஏதேதோ வேலை இருப்பதுபோல அதன் பக்கமாகப் போய்வந்தோம். அண்ணி துணி காயப்போடுகிற சாக்கில் போனார். நான் போட்டோ எடுக்கிற சாக்கில் போனேன். வெட்டு முகத்தில் மயிரிழை போல ஒரு கோடு வந்தது, அதற்குமேல் நகரவில்லை.

கட்டைகளை மேட்டுப்பாளையம் மர அறுவை ஆலைக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த நாள் லாரியில் நாங்களும் இறங்கினோம். முன்சீட்டில் நான்கு பேர். ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் பின்னால் கட்டைகள் முனகின. அண்ணன் ஒவ்வொரு முனகலுக்கும் திரும்பிப் பார்த்தார். வழியில் நிறுத்தி இளநீர் குடித்தோம். குளிரிலிருந்து வெயிலுக்குள் இறங்கும்போது காது அடைத்துக்கொள்வது எங்கள் மலைக்கும் இந்த மலைக்கும் பொது.

ஆலை முதலாளி கோயம்புத்தூர்க்காரர், தோளில் மரத்தூள் படிந்த துண்டு. நெட்டை மரத்தின் அடிக்கட்டையை முதலில் ஏற்றினார்கள். வாள் உள்ளே போகப் போக, அறுபட்ட பலகை வில் போல வளைந்து எழும்பியது. முதலாளி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இது நிலைக்கு ஆகாதுங்க. நீங்க நேராத்தான் அறுப்பீங்க, அது நேரா இருக்காதுங்க."

அண்ணன் தலையாட்டினார். கவட்டை மரம் ஏறியது. அறுபட்ட பிறகும் சட்டங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. நெருக்கமான இழை, கையில் எடுத்தால் கனம். ஆனால் குட்டை மரம், ஒல்லி மரம். வாசலின் இரண்டு பக்கத்துக்கும் ஆகிற கால்கள் கிடைத்தன. மேலே குறுக்காக வைக்கும் கட்டைக்கு மரம் போதவில்லை. கவட்டைக்கு மேல் இருந்தது விறகு.

ஓர் ஓரத்தில் நெட்டை மரத்தின் மேல்பாகம் தனியாகக் கிடந்தது. அது பிளக்கவில்லை. எல்லோரும் அதைப் பார்த்தோம். அண்ணன் மகளிடம் திரும்பினார்.

"மேக்கட்டைய அதுல எடுக்கலாமா? நீ சொல்லு."

அந்த நாட்களில் மரத்தைப் பற்றி அவர் அவளிடம் யோசனை கேட்டது அதுவே முதல்முறை. அவள் அந்தக் கட்டையின் வெட்டு முகத்தைத் தடவிப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லித் தன் பக்கத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

"தெரியலப்பா" என்றாள். "மேல்பக்கம் இழுப்பு குறைவா இருக்கலாம். அறுத்துக் காய வச்சுப் பாக்கணும். உறுதியா என்னால சொல்ல முடியாது."

"சரி, காய வச்சுப் பாப்போம்" என்று அண்ணன் முதலாளியிடம் அறுக்கச் சொன்னார். முனைகளில் மெழுகு பூசி, நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கச் சொன்னவள் யமுனா. அடுக்குவதை இருவரும் சேர்ந்து செய்தார்கள். நான் பஸ் நிலையத்துப் பக்கம் போய் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிவந்தேன். எங்கள் ஊர்க் கொத்து ரொட்டிக்கு முன்னால் அது சுமார்தான், ஆனால் அன்றைய பசிக்கு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நான் கிளம்பும் காலையில் அண்ணனைக் காணவில்லை. மேலே போனால் நெட்டை மரத்தின் அடிமுண்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். கற்பூர மரத்தை வெட்டினால் முண்டிலிருந்து மறுபடி தளிர் வரும். அதே குணத்தோடு வரும். வேரோடு தோண்டிப்போட வந்திருக்கிறார். ஒரு பக்கம் மண்ணை ஏற்கெனவே விலக்கியிருந்தார்.

யமுனா எனக்கு முன்னால் ஓடினாள்.

"அப்பா, தோண்டாதீங்க. இது எங்களுக்கு வேணும்."

பிளக்கிற மரம் எதுக்கு என்று அவர் கேட்டார். நல்ல மரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவள் விளக்கினாள். பிளக்கும் மரத்தையும் பிளக்காத மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அடையாளம் எங்கே மாறுகிறது என்று தெரியும். ஒரே மண்ணில், ஒரே வயதில், வெட்டி அறுத்துக் கண்ணால் பார்த்த ஜோடி அவர்களிடம் அதிகம் இல்லை. மேல்பாகம் ஏன் பிளக்கவில்லை என்ற கேள்விக்கும் இந்த மரத்தில்தான் பதில் தேட வேண்டும்.

அண்ணன் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு முண்டைப் பார்த்தார்.

"அப்ப இதுவும் படிப்புக்கு ஆவுது."

"ரொம்ப ஆவுதுப்பா."

விலக்கிய மண்ணை அவரே காலால் தள்ளி மூடினார். தளிர் வந்தால் ஆடு மேய்ந்துவிடும் என்று மூங்கில் பிளாச்சுகள் கொண்டுவந்து வேலி கட்டத் தொடங்கினார். நெட்டை மரத்தின் முண்டுக்குத்தான் முதல் வேலி. கவட்டை மரத்துக்கு அடுத்தது. எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வேலி கட்டுகிற கையோடு அவர் விடை கொடுத்தார்.

கவட்டை மரத்தின் தளிரை ஊருக்குக் கொண்டுபோக எனக்கு ஆசை. அப்படிச் செடியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. எங்கள் மரங்களில் எங்கள் அடையாளங்களை நாங்களே தேட வேண்டும், இங்கே வேலை செய்யும் அடையாளம் அங்கே செய்யாமல் போகலாம் என்று யமுனா சொல்லியிருந்தாள். ஊர் திரும்பியதும் எங்கள் மாவட்டத்து விவசாய ஆராய்ச்சிக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். இலை சேகரிக்க என் தவறணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நெட்டையாக வளர்ந்ததில் மட்டும் விதை எடுக்கும் வழக்கத்தை அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு காலை அண்ணன் வீடியோ கால் போட்டார். மாதத் தொடக்கத்தில் வைத்த நிலை புது வீட்டில் நின்றிருந்தது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, மூலைகளில் குங்குமம். கால்கள் இரண்டும் கவட்டை மரம். மேல்கட்டை நெட்டை மரம். போனை மேல்கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக நகர்த்திக் காட்டினார். விரிசல் இல்லை. யமுனா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். இன்னும் ரெண்டு மழை, ரெண்டு வெயில் பாத்துட்டுச் சொல்றேன் என்கிறாளாம். கோயம்புத்தூரிலிருந்து எப்போது வந்தாலும், பையைக்கூட இறக்கிவைக்காமல் முதலில் மேல்கட்டையைத்தான் தடவிப் பார்க்கிறாளாம்.

அவளுக்கு அது எட்டாது என்று, வாசலுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூல் செய்து போட்டிருந்தார் அண்ணன்.